மெஹக்கின் எலும்பு

நொச்சிக்குப்பத்துப் படகுகள் கடலுக்குப் போகாத வாரம் அது. காற்றழுத்தத் தாழ்வு ஒன்று கரைக்கு வருவதா வேண்டாமா என்று தெரியாமல் வங்கக்கடலில் நின்றுகொண்டிருந்தது. மீன் இல்லாததால் சாந்தோம் சந்துகளில் எல்லாம் கருவாட்டு மணம். ஆனியும் நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தாள். மகள் டீனா ரெயின்கோட்டை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தபோது, ஹாலில் ஒரு மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். குல்லாயும் சட்டையின் தோள்களும் நனைந்திருந்தன. விரல் நுனிகளில் ரெக்சின் பசை காய்ந்து கறுத்திருந்தது.

"இவர்தாம்மா மெஹபூப் அலி பாய். ராயப்பேட்டைல சீட் கவர் கடை வெச்சிருக்கார். போன வாரம் நம்ம ஸ்கூட்டர் சீட்டு தைக்கக் குடுத்தேனே..." என்றார் அப்பா ராஜநாயகம். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த குரலில் அன்றைக்கு மிடுக்கே இல்லை. டீனாவுக்குப் புரிந்துவிட்டது. டாடி எங்கேயோ வாயைக் கொடுத்திருக்கிறார்.

"உங்க நைனா பெருமையாத்தாம்மா சொன்னாரு. நான் அத தப்பா எடுத்துக்கல" என்று மெஹபூப் அலி ஆரம்பித்தார். "நான் மெஷின்ல ஓட்டிக்கினு கீறேன், சாரு ஸ்டூல்ல குந்திக்கினு பேசிக்கினு கீறாரு. எம் பொண்ணு ஒரு கேன்சர் கட்டிய கண்ணாடி டப்பால போட்டு வளக்குதுன்னாரு. பதினாறு வயசுப் பொண்ணோடதுன்னாரு. வலது முட்டின்னாரு. ரேஸ்ல ஓடசொல்ல வுழுந்துட்டா, அதான் வீக்கம்னு வூட்ல நெனச்சிக்கினு இருந்தாங்களாம்னாரு. எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டேன். அதையும் சொல்லிட்டாரு."

அவர் நிறுத்தினார். சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தமும் நின்றது.

"அது எம் பொண்ணுமா. மெஹக்கு."

டீனா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"எங்களுக்குப் பேரு வராது அங்கிள். நம்பரும் கேஸ் விவரமும்தான் வரும். யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கவும் கூடாது."

சொன்னது உண்மைதான். ஆனாலும் அவள் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. வயது, முட்டி, ஆஸ்பத்திரி, பந்தயத்தில் விழுந்த கதை எல்லாம் சேர்ந்து இன்னொரு பெண்ணுக்கு நடந்திருக்குமா?

"உன்ன கொற சொல்ல வரலம்மா" என்றார் அவர். "கால எடுத்தாங்களே, அத நான்தான் கையில வாங்கினேன். வெள்ளத் துணில சுத்தி, ராயப்பேட்ட கபர்ஸ்தான்ல அடக்கம் பண்ணேன். அப்பறம் அது நுரையீரலுக்குப் போயிடிச்சி. போன ரம்ஜானுக்கு முன்னாடி அவளையே கொண்டுபோய் அந்தக் காலுக்குப் பக்கத்துல வெச்சேன். எல்லாம் ஒண்ணா சேந்துடிச்சின்னு மனச தேத்திக்கினு கீறேன். இப்ப வந்து ஒரு துண்டு இன்னும் உசுரோட கீதுன்னா எப்டிமா?"

"உங்களுக்கு என்ன வேணும் அங்கிள்?"

"குடுத்துடு. மண்ணுக்குப் போவ வேண்டியது மண்ணுக்குப் போவட்டும். மசூதில ஹஜ்ரத்தையும் கேட்டேன். ஒடம்புலேர்ந்து பிரிஞ்சது எதுவா இருந்தாலும் மரியாதையா பொதைக்கணும்னாரு." எழுந்துகொண்டார். "எங்க வூட்ல, மெஹக் அம்மாக்கு இது தெரியாது. தெரிஞ்சா தாங்காது."

ஆனி கொண்டுவந்து வைத்த டீ ஆடை படிந்து கிடந்தது. அவர் ஸ்கூட்டி மழையில் திரும்பிப் போகும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. ராஜநாயகம் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நான் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார்.

"இனிமே வெளில கணக்கு மட்டும் பேசுங்க டாடி" என்று சொல்லிவிட்டு டீனா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

*

கிண்டிக்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் டீனாவின் வேலை ஒரு வகையில் பால்மாடு வைத்திருப்பவர் வேலை. ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது. குடுவைக்குள் இருக்கும் செல்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் இளஞ்சிவப்புத் திரவம் மாற்ற வேண்டும். இடம் நெருக்கடியானால் பிரித்து வேறு குடுவைகளில் குடிவைக்க வேண்டும். ஒரு தும்மல், ஒரு அழுக்கு விரல் போதும், எல்லாம் பூஞ்சை பிடித்துப் போகும்.

எலும்பைக் கல் மாதிரி என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்குள் ஓயாமல் கட்டட வேலை நடக்கிறது. இளம் செல் ஒன்று படிப்படியாக வளர்ந்து, எலும்பு கட்டும் செல்லாகி, சுண்ணாம்புச் சத்தைப் பூசிப் பூசிக் கடைசியில் தான் கட்டிய சுவருக்குள்ளேயே அமர்ந்துவிடும். அதற்குப் பிறகு அது பெருகாது. எலும்புப் புற்றில் இந்த வளர்ச்சி பாதி வழியில் நின்றுபோகிறது. கட்ட வேண்டிய செல் ஒழுங்காகக் கட்டுவதில்லை. பெருக மட்டும் செய்கிறது. வளரும் பிள்ளைகளின் எலும்புகளில்தான் இது அதிகம் வருகிறது.

அந்தச் செல்லை வழியில் மறித்துக்கொண்டு நிற்பது ஒரு புரதம் என்று டீனா கண்டுபிடித்திருந்தாள். அதை ஒரு மருந்தால் செயலிழக்கச் செய்தால், நின்றுபோன வளர்ச்சி மறுபடி நகர்கிறது. அவளிடம் வந்து சேர்ந்த கட்டிகளில் பெரும்பாலானவை குடுவையில் பிழைக்கவில்லை. பிழைத்து, பெருகி, இந்தச் சோதனைக்கு ஒத்துழைத்தது, அப்பா கடையில் சொன்ன அந்தப் பதினேழாம் நம்பர் ஒன்றுதான். மூன்று வருஷ உழைப்பு அதன்மேல்தான் நின்றது.

துறைத்தலைவர் ஜவஹர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"டீனா, நமக்கு அந்த ஆள் யாருன்னே தெரியாது. சட்டமும் அதைத்தான் சொல்லுது. தெரியாதவருக்கு நாம எப்படிப் பதில் சொல்ல முடியும்? விட்டுடு."

"தெரியாதுன்னுதான் சார் சொல்லி அனுப்பினேன். மனசு ஒப்பல."

"எலி வேலை அடுத்த வாரம் ஆரம்பிக்கணும். பத்திரிகைக்கு அனுப்பின நம்ம கட்டுரையைப் பார்த்தவங்க, இந்தக் கட்டியை எலிக்குள்ள வெச்சு மருந்து வேலை செய்யுதான்னு காட்டச் சொல்லியிருக்காங்க. இப்போ தள்ளிப் போட்டா வேற ஊர்ல எவனாவது முந்திக்குவான்."

"நிறுத்தி வைக்கலாம் சார்."

"எதுக்கு? ஒருத்தர் மழையில நனைஞ்சிக்கிட்டு வந்தாருங்கறதுக்காகவா?"

"அவர் வந்துட்டார் சார். இனிமே நான் மைக்ராஸ்கோப்புல குனியும்போதெல்லாம் வருவார்."

ஜவஹர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கெட்டவர் இல்லை. பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்குள் ஒரு நல்ல முடிவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருக்கும் மனிதர்.

"ஆஸ்பத்திரியோட நெறிமுறைக் குழுவுக்கு எழுது. குடும்பத்துக்கு உரிமை இருக்குன்னு அவங்க சொல்லி, குடும்பமும் வேண்டாம்னு சொல்லிட்டா, ஒரு குடுவைகூட மிஞ்சாது. நைட்ரஜன்ல உறைய வெச்சிருக்கறதும் சேர்த்துத்தான். யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்" என்றாள் டீனா. அவள் யோசித்திருக்கவில்லை. ஆனாலும் அன்று மாலைக்குள் எழுதி அனுப்பிவிட்டாள். எலி வேலையையும் தன் பொறுப்பில் நிறுத்தினாள்.

*

குழு கூடிப் பேச தீபாவளி தாண்டியது. பழைய கோப்பைப் பார்த்து, அது மெஹக்கின் கட்டிதான் என்று உறுதி செய்தார்கள். அதை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதித்து அவள் அப்பா, அம்மா இருவரும் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எனவே இருவரும் சேர்ந்து சொன்னால் திரும்பப் பெறலாம். குடும்பத்துக்கு அதை டீனாவே நேரில் விளக்கட்டும் என்றார்கள்.

அவள் ராயப்பேட்டைக்குப் போன மதியம் வெயில் அடித்தது. கடை என்றால் நடைபாதையை ஒட்டிய ஒரு ஷட்டர் அகலம். கூரையிலிருந்து சீட் உறைகள் வௌவால் மாதிரி தொங்கின. தரையெல்லாம் பஞ்சுத் துணுக்கு. மெஹபூப் அலி ஒரு புல்லட் சீட்டின்மேல் முழங்காலை ஊன்றி, ரெக்சினை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒல்லியான ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி நஸ்ருன்னிசா.

டீனாவைக் கண்டதும் மெஹபூப் அலியின் கை நின்றது. "அப்பறமா வாயேன்மா" என்றார் கண்களால் மனைவியைக் காட்டி.

"ரெண்டு பேர்கிட்டயும்தான் பேசணும் அங்கிள். ஆன்ட்டி இல்லாம இதுல எதுவும் பண்ண முடியாது."

நஸ்ருன்னிசா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "இன்னா கதை இது? யாரு இந்தப் பொண்ணு?"

இனி மறைப்பதற்கில்லை. மெஹபூப் அலி புல்லட் சீட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்து வண்டிக்குக் கண்ணாடி மாட்டக் கேட்டார். "நாளிக்கு வா நைனா" என்று அனுப்பிவிட்டார்.

டீனா அழுகையை எதிர்பார்த்தாள். நஸ்ருன்னிசா கேரியரின் ஒவ்வொரு அடுக்கையும் மூடி, கொக்கியை மாட்டி, முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நான்தான் எண்ண தடவி உருவினேன்" என்றாள். "ஸ்கூல்லேர்ந்து வரும். அம்மீ, முட்டி வலிக்குதுன்னும். ஓடற பொண்ணு, சுளுக்குன்னு நெனச்சேன். கட்டு கட்றவங்ககிட்டயும் இட்டுக்கினு போனேன். தெனிக்கும் உருவினேன். அதனால வந்துச்சாமா?"

"இல்ல ஆன்ட்டி. அதனால வரல. கட்டி அதுக்கு முன்னாடியே உள்ள இருந்தது."

"சீக்கிரமா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடலாம். சொல்ல வாய் வந்தது. "தெரியல ஆன்ட்டி. நெஜமா எனக்குத் தெரியல" என்றாள் டீனா.

நஸ்ருன்னிசா தலையை ஆட்டினாள். இவ்வளவு நாளும் ஆளாளுக்கு அல்லாவின் நாட்டம் என்று சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று யாரும் சொன்னதில்லை. பக்கத்து டீக்கடையைப் பார்த்து, "மூணு டீ, வெங்காய சமோசா" என்று குரல் கொடுத்தாள். டீ வந்ததும் முதல் கிளாஸை டீனாவின் கையில் திணித்தாள்.

"நான் அத பாக்கணும்."

"வாணாம் நஸ்ரு" என்றார் கணவர். "கையெழுத்து போட்டு வாங்கிக்கலாம். அதப் போயி பாத்துக்கினு..."

"அன்னிக்கி ஆஸ்பத்திரில நீட்டின எடத்துல எல்லாம் பாக்காம போட்டோம். போதும். இந்தவாட்டி பாத்துட்டுத்தான் போடுவேன்."

*

புதன்கிழமை காலை இருவரும் வந்தார்கள். வெள்ளைக் கோட்டும் காலணி உறையும் மாட்டிக்கொண்டு, எதையும் தொட்டுவிடக் கூடாதே என்று கைகளைக் கட்டியபடி டீனாவின் பின்னால் நடந்தார்கள். ஜவஹர் தன் அறை வாசலில் நின்று கும்பிட்டார். பிறகு உள்ளே போய்விட்டார்.

இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது.

"சூடா கீது" என்றாள் நஸ்ருன்னிசா.

"நம்ம ஒடம்புச் சூடு ஆன்ட்டி. அந்தச் சூட்டுலதான் இருக்கும்."

குடுவையை மைக்ராஸ்கோப்பின்மேல் வைத்து டீனா குவியத்தைச் சரி செய்தாள். நஸ்ருன்னிசா முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். முதலில் எதுவும் தெரியவில்லை என்றாள். பிறகு அசையாமல் நின்றாள்.

"மீன் குஞ்சாட்டம் கீது. ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கினு." கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு வலிக்குமாமா?"

"வலிக்காது ஆன்ட்டி. வலி தெரியணும்னா நரம்பு வேணும். இதுல இல்ல."

"அவளுக்கு வலிச்சிது" என்று சொல்லிவிட்டு நஸ்ருன்னிசா நகர்ந்தாள்.

மெஹபூப் அலி வெகுநேரம் தயங்கினார். குனிந்ததும் சட்டென்று நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இதுதான் எம் பொண்ண தின்னுச்சா?"

"ஆமா அங்கிள்."

"இன்னும் பெருகுதா?"

"தினமும். அவ உடம்புலேர்ந்து வந்ததுதான். ஆனா பாதில நின்னுபோன செல். வளராது, பெருகும்."

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து விலகினார். "நான் இன்னாமோ எம் பொண்ணே இதுக்குள்ள உசுரோட கீறான்னு நெனச்சிக்கினு வந்தேன். கொன்னவன கொண்டாந்து குந்த வெச்சி சோறு போட்டுக்கினு கீற!"

"சோறு போட்டு வெச்சாத்தான் அங்கிள் அதோட பலவீனம் எங்கேன்னு தெரியும். ஒடம்புக்குள்ள அது எங்களுக்குப் பிடிபடாது. இங்க பிடிபடும்." டீனாவின் குரல் உயர்ந்துவிட்டது. "நீங்க எடுத்துக்கறேன்னா இன்னிக்கே எல்லாத்தையும் முடிச்சிக் குடுத்துடுவேன். ஒண்ணுகூட ஒளிச்சி வெக்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி இன்னொண்ணு பாத்துட்டுப் போங்க."

அலமாரியிலிருந்து ஒரு சிறிய வட்டத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. காய்ந்த மருதாணி மாதிரி.

"ரத்தமா?" என்றாள் நஸ்ருன்னிசா.

"சாயம். எலும்பு உப்பு படிஞ்ச எடத்துல மட்டும் ஒட்டும். நீங்க இப்ப பாத்தீங்களே, அதே செல்தான் இது. அதை மறிச்சிக்கிட்டு நின்ன ஒண்ண அடக்கிட்டோம். பெருகறத நிறுத்திட்டு, எலும்பு கட்ட ஆரம்பிச்சிடுச்சி."

"செத்துப்போச்சா?" என்று கேட்டார் மெஹபூப் அலி.

"சாயம் போடறதுக்காகக் கடைசில நாங்கதான் உயிரை நிறுத்தினோம். அதுக்கு முன்னாடி அது சாகல அங்கிள். வளந்து முடிச்சிடுச்சி."

நஸ்ருன்னிசா தட்டின்மேல் குனிந்தாள். "நெஜ எலும்பா?"

"நம்ம கால்ல இருக்கற மாதிரி முழு எலும்பு இல்ல ஆன்ட்டி. ஆனா எலும்பு செய்யற வேலைய செஞ்சிருக்கு."

"அப்ப இதுதான் அவளுது" என்றாள் நஸ்ருன்னிசா.

மெஹபூப் அலி சிவப்புத் தட்டையும் மைக்ராஸ்கோப்பையும் பார்த்தார். தைக்க வந்த சீட்டில் எது உதவும், எது உதவாது என்று பிரிப்பவரைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"அத நான் பொதைக்க மாட்டேன்" என்றார் கடைசியில், குடுவையைக் காட்டி. "மண்ணுல வெக்கறது மரியாத. அந்தக் கழிசடைக்கு இன்னாத்துக்கு மரியாத? எம் பொண்ணு பக்கத்துல அதக் கொண்டுபோய் படுக்க வெப்பனா? நீயே வெச்சிக்க. இன்னா பண்ணணுமோ பண்ணு. ஆனா இத," தட்டைத் தொடாமல் விரலை அருகில் கொண்டுபோனார், "இத எனக்குக் குடுத்துடு."

"சாயம் இல்லாம" என்றாள் நஸ்ருன்னிசா. "அவளுக்கு எதுக்கு சாயம்? சாயம் இல்லாம ஒண்ணு வளத்துக் குடுப்பியாமா?"

"புதுசா ஆரம்பிக்கணும் ஆன்ட்டி. ஒரு மாசத்துக்கு மேல ஆகும். நடுவுல கெட்டுப்போனாலும் போகலாம்."

"ஆவட்டும். கெட்டா மறுபடி வளத்துக் குடு."

*

அப்படித்தான் அந்தக் கார்த்திகையும் மார்கழியும் டீனா எந்தக் கட்டுரைக்கும் உதவாத ஒரு வேலையைச் செய்தாள். நிறுத்தி வைத்த எலி வேலையை ஒரு பக்கம் தொடங்கினாள். இன்னொரு பக்கம் இந்த ஒரு தட்டு. குழுவும் இதற்குச் சம்மதம் சொல்லியிருந்தது.

முதல் தடவை புயல் மழை கெடுத்தது. அடையாற்றில் தண்ணீர் ஏறி, நிலையத்துக்கு மின்சாரம் போய், ஜெனரேட்டர் திணறி நின்றது. இன்குபேட்டர் ஆறிப்போனது. மின்சாரம் திரும்ப இரண்டு நாள் ஆனது. டீனா வேளச்சேரிப் பக்கம் சுற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்தபோது தட்டின் ஓரத்தில் பஞ்சு மாதிரி பூஞ்சை. குடுவைகளும் போயிருந்தன. நல்லவேளையாக நைட்ரஜனில் உறைய வைத்தவை தப்பித்திருந்தன. இருந்த இடத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் அழுதாள். பிறகு எழுந்து எல்லாத் தட்டுகளையும் பிளீச்சில் கொட்டி, அலமாரியை ஆல்கஹாலால் துடைத்து, உறைந்த குப்பியொன்றை எடுத்து, உருகுவதற்காக வெதுவெதுப்பான நீரில் சுழற்றினாள்.

அன்று வீட்டுக்கு வந்தவளிடம் ஆனி, "கால் எல்லாம் ஊறிப் போயிருக்கு. அந்த வேலையை வேற யார்கிட்டயாவது விட்டா என்ன?" என்றாள்.

"நான்தான் மம்மி குடுக்கறேன்னு சொன்னேன்."

ராஜநாயகம் மகளின் செருப்பைக் கழுவி, மின்விசிறிக்குக் கீழே கவிழ்த்து வைத்தார்.

ஜவஹர் ஒரே ஒரு தடவை, "இது எந்தக் கட்டுரையில வரப்போகுது டீனா?" என்று கேட்டார்.

"எதுலயும் வராது சார்."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவள் காய்ச்சலில் படுத்த ஒரு சனிக்கிழமை அவரே வந்து தட்டுக்குத் திரவம் மாற்றிவிட்டுப் போயிருந்தார். வெகுகாலம் கழித்துப் பைப்பெட்டைத் தொட்ட கை என்பதால் திரவத்தின் அளவை இரண்டு தடவை சரிபார்த்துச் செய்ததாக நிலையத்தில் சொன்னார்கள்.

இரண்டாவது தட்டு பிழைத்தது. செல்கள் முதலில் வழக்கம்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பிறகு மெல்ல அடங்கின. அகலமாயின. அவற்றுக்கு நடுவே, வெளிச்சத்தைத் திருப்பிப் பார்த்தால் மின்னும் வெண்மணல் மாதிரி ஏதோ படிந்தது. சாயம் போட்டு உறுதி செய்ய முடியாது. ஆனால் டீனாவுக்குச் சாயம் தேவைப்படவில்லை. ஒரு ரசாயனம் விட்டுச் செல்களின் உயிரை நிறுத்தினாள். சுத்தமான நீரில் பலமுறை அலசினாள். ஒரு மூடிபோட்ட சிறு கண்ணாடிக் குப்பியில் வழித்து எடுத்தாள். ஒரு சிட்டிகைகூட இருக்காது.

*

தை பிறந்த வாரம், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ராயப்பேட்டை கபர்ஸ்தானுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் பூக்கடைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் நடுவே நஸ்ருன்னிசா நின்றிருந்தாள். பெண்கள் உள்ளே போவதில்லை. மெஹபூப் அலி குப்பியை வாங்கி, கைக்குட்டையளவு வெள்ளைத் துணியில் சுற்றி, இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு போனார். உடன் மசூதியிலிருந்து ஹஜ்ரத் மட்டும்.

வெளியே இரு பெண்களும் மதில் நிழலில் நின்றார்கள். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"அந்த இன்னொண்ணு இன்னா ஆச்சி?" என்று கேட்டாள் நஸ்ருன்னிசா.

"எலிங்களுக்குள்ள வெச்சிருக்கோம் ஆன்ட்டி. அங்க கட்டியா வளரும். வளர ஆரம்பிச்சதும் பாதி எலிக்கு மருந்து குடுப்போம்."

"அதுக்கு எம் பொண்ணு பேர வெக்கல இல்ல?"

"இல்ல. வெறும் நம்பர்தான்."

"நம்பரே இருக்கட்டும்." நஸ்ருன்னிசா துப்பட்டாவை இழுத்துக்கொண்டாள். "அது தோக்கற அன்னிக்கி எனக்கு ஒரு போன் போடு. எந்த வேலையில இருந்தாலும் எடுப்பேன்."

மெஹபூப் அலி வெளியே வந்தார். விரல் இடுக்குகளில் செம்மண். ஆட்டோ ஸ்டாண்டுக் குழாயில் கையைக் கழுவியவர் திரும்பி டீனாவைப் பார்த்தார். தலையை அசைத்துவிட்டு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

*

பங்குனி வெயில் ஏறியபோதுதான் எலிகளின் முடிவு வந்தது. டீனா கணக்கைத் தானே மறுபடி போட்டுப் பார்த்தாள். ஜவஹரைப் போடச் சொன்னாள். பிறகு வராந்தாவுக்கு வந்து போன் செய்தாள். மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம். பொங்கலுக்குப் பிறகு நஸ்ருன்னிசா கடையில் இரண்டாவது மெஷினில் உட்கார ஆரம்பித்திருந்தாள்.

"ஆன்ட்டி, டீனா பேசறேன்."

மெஷின் நின்றது. "தோத்துச்சா?"

"முழுசா தோக்கல. மருந்து குடுத்த எலிகள்ல பாதிக்கு மேல கட்டி வளராம நின்னுடுச்சி. உள்ள எலும்பா இறுகியிருக்கு. மீதில கொஞ்சம் மெதுவா, ஆனா வளந்துக்கிட்டுத்தான் இருக்கு."

பின்னணியில் மெஹபூப் அலி "இன்னாவாம்?" என்று கேட்பது கேட்டது. "நின்னுச்சாம். பாதில நின்னுச்சாம்" என்று நஸ்ருன்னிசா அவரிடம் சொன்னாள். பிறகு டீனாவிடம், "மீதில ஏன் நிக்கல?"

"தெரியல ஆன்ட்டி."

"பாதில நின்னுதுன்னா அதுக்கு பயம் வந்துடிச்சின்னு அர்த்தம். உடாதமா."

"விட மாட்டேன்."

"சரி, வை. இங்க ஆளு வந்துகீறாரு" என்று நஸ்ருன்னிசா போனை வைத்தாள்.

உள்ளே ஜவஹர் இன்னும் எலிகளின் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுரைக்கு இது போதும் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"மீதி ஏன் நிக்கலன்னு கேக்கறாங்க சார்."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுத்தார். "நல்ல கேள்விதான்" என்றார். "திங்கட்கிழமை உட்கார்ந்து பேசுவோம்."

"நிக்காத கட்டிகளை இன்னிக்கே பிரிச்சி வளக்க ஆரம்பிச்சிடறேன் சார். திங்கட்கிழமைக்குள்ள செல் குடுவைல ஒட்டிப் பிடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, டீனா கையுறைப் பெட்டியை இழுத்து ஒரு ஜோடியை உருவினாள்.